மூச்சு விடாமல் படிக்கவும்

தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சுக்கானி தீர்மானம் செய்துவிட்டார்.

லேசான தீர்மானம் இல்லை. காலையில் எழுந்து, முகம் கழுவி, துண்டு என்று நினைத்துச் சன்னல் திரையில் முகம் துடைத்து, கூடத்தின் நடுவில் நிமிர்ந்து நின்று எடுத்த தீர்மானம்.

"இந்த வருஷம் பனிதான் கொஞ்சம் அதிகம்," என்றார்.

"ஆமாங்க," என்றாள் மனைவி. "கூடத்துக்குள்ளேயே வந்து இறங்குது."

வெளியே வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆற்றில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோன பெரிய படகில், பின்பக்கம் நின்று சுக்கான் பிடித்தவர் அவர். அதனால் ஊருக்கே சுக்கானி. மனைவி மட்டும் "என்னங்க" என்று கூப்பிடுவாள். அந்த "என்னங்க" எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வீடு திரும்பும். வீட்டைப் பொறுத்தவரை அவர் பயணி.

பிறகு ஆற்றின் மேல் பாலம் வந்தது. திறந்த அன்று ஊரே கைதட்டியது. அவரும் தட்டினார். மறுநாள் துறைக்குப் போய் நின்றார். ஏறுவதற்கு ஆள் இல்லை. பாலம் இரண்டு கரைகளைச் சேர்த்தது. நடுவில் பிழைத்தவர்களைக் கரை சேர்க்கவில்லை. படகு கட்டிய தச்சர் பழப்பெட்டி அடிக்கப் போனார். பாய் தைத்த பெண்கள் தலையணை உறை தைத்தார்கள். படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். ஒன்றின் அடியில் கோழிகள் குடியேறின. சுக்கானி பாய்மரத்தடியிலிருந்து கோரைப்பாய்க்கு வந்து சேர்ந்தார்.

மத்தியானங்களில் அந்தப் பாயில் படுத்துத் தூங்கும்போது அவருடைய வலது கை மட்டும் தூங்காது. பக்கத்திலிருக்கும் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இடமும் வலமும் அசைக்கும். அலமாரிக் கதவு திறந்து திறந்து மூடும். மனைவி அதைப் பார்த்தும் பார்க்காதவள் போல் இருப்பாள். கதவின் கீலுக்கு எண்ணெய் மட்டும் போட்டுவைத்தாள், சத்தத்தில் அவர் விழித்துக்கொள்ளக் கூடாது என்று.

ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்கள். ஏறியது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். கவிழ்ந்து கிடந்த படகுகளை வண்டியில் ஏற்றித் தச்சர் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பழுது பார்த்து, ஆற்றைப் பார்க்க வருகிறவர்களை அதில் ஏற்றிப்போவது என்று திட்டம். இயந்திரம் கிடையாது, காற்றும் கையும்தான். நாணலுக்குள் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் அந்தப் பக்கமே போவதில்லை. பிளாஸ்டிக் பை வைத்திருப்பவர் பையைக் கரையில் விட்டுவிட்டு ஏற வேண்டும். கொஞ்சம் ஆட்கள், கொஞ்சமும் அவசரம் இல்லை, வேலையெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு. தச்சர் பழப்பெட்டிச் சுத்தியலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தார். சுக்கானியின் மனைவியும் இன்னும் சில பெண்களும் பாய் தைக்க உட்கார்ந்தார்கள்.

அவருக்கு மறுபடியும் சுக்கான் தருவதாகச் சொன்னார்கள். அன்று அலமாரிக் கதவு சாயங்காலம் வரைக்கும் ஆடியது.

ஒரே ஒரு நிபந்தனை. சுக்கான் பிடிக்கிறவர்கள் கண் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

சுக்கானி அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தபடியே தச்சர் கொட்டகைக்குப் போனார். உள்ளே போனதும் மனம் இளகிவிட்டது. பழைய படகின் விலாவைத் தடவினார்.

"எப்படி இருந்தவ, எப்படி இளைச்சுட்டே," என்றார் தழுதழுத்து.

"அண்ணே," என்றார் தச்சர், கொட்டகையின் மறுமூலையிலிருந்து. "அது என் வேலை மேசை."

சுக்கானி கையை எடுக்கவில்லை. எடுத்தால் தோல்வி. "தெரியும்ப்பா. மேசைதான் இளைச்சிருக்குன்னேன். நல்லா கவனிக்கிறதில்லையா நீ?"

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். உண்மையான படகின் பக்கம் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். பலகைகளுக்கு நடுவில் பஞ்சுத்திரி வைத்து அடித்து முடித்திருந்தது.

"நாளைக்குத் தண்ணி காட்டுறோம், அண்ணே."

"காட்டு, காட்டு. வருஷக்கணக்கா காஞ்ச மரம். நல்லா குடிக்கட்டும்."

காய்ந்த படகை அப்படியே ஆற்றில் விட்டால் இடுக்கெல்லாம் ஒழுகும். கரையோரம் தண்ணீரில் முக்கி ஊறப் போட வேண்டும். மரம் குடித்துப் புடைத்து, தன் இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். அதற்குத்தான் தண்ணி காட்டுவது என்று பெயர். பாய் அளவெடுக்க வந்திருந்த மனைவி அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "படகுக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள். சுக்கானி அதைக் காதில் வாங்கவில்லை. அவள் பேசுவது அவருக்கு ஆற்றின் சத்தம் மாதிரி. எப்போதும் இருக்கும். நின்றால்தான் தெரியும்.

தச்சர் தயங்கினார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பழைய ஆறு இல்லை இது. நடுவுல பாலத்துத் தூணெல்லாம் நிக்குது. ஒரே ஒரு படகு ஒரே ஒரு தூண்ல இடிச்சுதுன்னா போதும், எல்லாப் படகையும் மறுபடி கவுத்துப் போட்டுருவாங்க. அப்புறம் நான் பழப்பெட்டி. உங்க வீட்டுல தலையணை உறை."

"நான் யாருன்னு நினைச்சே? கண்ணைக் கட்டி விட்டாலும் இந்த ஆத்துல படகு விடுவேன்."

"அதான் அண்ணே பயமா இருக்கு," என்றார் தச்சர்.

வீட்டுக்கு வந்ததும் சுக்கானி கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். இரண்டு முறை நாற்காலியில் இடித்துக்கொண்டார். இரண்டாவது முறை நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு நின்றார்.

"இந்தா, எனக்கு ஒரு யோசனை தோணுச்சு."

மனைவி தரை முழுவதும் பாய்த்துணியைப் பரப்பி நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். "தோணிக்காரருக்குத் தோணாம வேற யாருக்குத் தோணும்? சொல்லுங்க."

"கண் டாக்டர் யாரு?"

"என் அண்ணன் பொண்ணு."

"அவகிட்ட நான் நேரா போய், 'மாமாவுக்கு ஒரு கையெழுத்துப் போடும்மா'ன்னு கேட்டா?"

"போட மாட்டா. என்னை மாதிரி."

"அதான் தெரியுமே. அதனால நீ போ. உனக்குக் கண்ணைப் பாக்கணும்னு சொல்லு. அங்க சுவத்துல எழுத்துப் பலகை இருக்கும். அதை அப்படியே மனசுல வாங்கிட்டு வா. வந்து எனக்குச் சொல்லு. நான் உரு போட்டுக்கறேன். அவ படிங்கன்னதும் கடகடன்னு சொல்லிருவேன்."

ஊசி நின்றது. "அப்ப கண்ணு?"

"கண்ணு எதுக்கு? அவங்க கேக்கறது எழுத்து."

"ஆத்துல தூணு வந்தா? அதையும் உரு போட்டுப்பீங்களா?"

"பனி விலகினா எல்லாம் சரியாயிடும்."

"அது பனி இல்லைங்க. கண்ணுல புரை. அண்ணன் பொண்ணு சொன்னா, சின்ன ஆபரேஷன்தானாம். காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு..."

"ம்," என்றார் சுக்கானி.

அது அவருடைய "ம்". அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடாது. தரை தட்டிய படகு மாதிரி நின்றுவிடும். ஆபரேஷன் என்றால் கத்தி; கத்தி என்றாலே அவருக்குப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. புயலில் படகு விட்டவன் கத்திக்குப் பயந்தான் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது?

மனைவி தையலுக்கு முடிச்சுப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி," என்றாள். "போய்ப் பாத்துட்டு வர்றேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் முதல் வார்த்தையிலேயே சரி என்று சொன்னது அன்றைக்குத்தான். ஒரு மனுஷன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார். அவள் சிரித்தாளா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பனி.

மறுநாள் போய் வந்தாள். அன்று மாலையே பாடம் தொடங்கியது. அவள் பாய் தைத்தாள். அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து எழுத்துப் படித்தார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் அப்படி ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

"முதல் வரி. ஒரே எழுத்து, பெருசா. இ."

"இ. எப்படி ஞாபகம் வச்சுக்கறது?"

"இளிச்சவாய்."

"இ. அடுத்தது?"

"ரெண்டாவது வரி. வ, ரு."

"வ, ரு."

"மூணாவது. வி, டு, வ."

"வி, டு, வ. இது சுலபம். போகப் போக எழுத்து சிறுசாகுதா?"

"ஆமா. நாலாவது வரி. து, க, தை, ப."

"துகதைப. என்ன கண்றாவி இது? நான் பாத்த பலகையில ட, ப, ய இப்படித்தானே இருக்கும்?"

"இது புதுப் பலகை. உங்கள மாதிரி உரு போட்டுட்டு வர்றவங்க அதிகமாயிட்டாங்களாம்."

"அயோக்கியப் பசங்க," என்றார் சுக்கானி மனப்பூர்வமாக. "கடைசி வரி?"

"ட, கு. கொஞ்சம் இடம் விட்டு த, ரா. அப்புறம் தே."

"தே எதுக்கு?"

"தேறாதவங்களைக் கண்டுபிடிக்க."

அவர் அதையும் நம்பினார். ட, கு, த, ரா, தே என்று தொடையில் தாளம் தட்டிச் சொல்லிப் பார்த்தார். நாக்கில் வழுக்கியது. மறுபடி சொன்னார். நிலைக்கு வந்துவிட்டது.

"ஒண்ணு மட்டும் கவனம்," என்றாள் மனைவி. "கடகடன்னு ஒப்பிச்சிடாதீங்க. உரு போட்டதுன்னு தெரிஞ்சிடும். ஒரு வரி சொல்லுங்க. நிறுத்துங்க. மூச்சு விடுங்க. அப்புறம் அடுத்த வரி. எந்த ரெண்டு வரியையும் சேத்துச் சொல்லவே கூடாது."

"அட," என்றார் சுக்கானி. உண்மையிலேயே வியந்து போனார். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளுக்கு இப்படி ஒரு குறுக்கு மூளை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். "நீ மட்டும் ஆம்பளையா பொறந்திருந்தா சுக்கானே பிடிச்சிருப்பே."

"இப்ப மட்டும்?" என்றாள் அவள். அதுவும் ஆற்றுச் சத்தத்தோடு போயிற்று.

அடுத்த நாட்களில் வீடு முழுக்க எழுத்து. பல் விளக்கும்போது இ. சட்டை போடும்போது வ, ரு. கோழிக்கு இரை போடும்போது து, க, தை, ப. கோழிகளே ஒருமாதிரி பார்த்தன. வரிக்கு வரி மூச்சு விட்டார். மூச்சு விடுவதிலும் ஒரு நயம் கொண்டுவந்தார். மூன்றாவது வரிக்குப் பிறகு ஒரு சின்ன இருமல் சேர்த்துக்கொண்டார், பார்ப்பதற்குக் கஷ்டப்படுவது போல.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று தச்சரும் துணைக்கு வந்தார். மனைவி வரவில்லை. "பாய் முடியலை, நீங்க போயிட்டு வாங்க," என்று வாசல் வரை வந்து அனுப்பினாள். தச்சர் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்தே இருந்தது.

"வாங்க மாமா, உக்காருங்க. அத்தை நல்லா இருக்காங்களா?"

"இருக்கா, இருக்கா. ஆரம்பிக்கலாமா?" மறப்பதற்குள் கொட்டிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

டாக்டர் அவருடைய இடது கண்ணை ஓர் அட்டையால் மூடினாள். "எதிர்ல தெரியறதைப் படிங்க."

எதிரே வெள்ளையாக, நீள்சதுரமாக, வெளிச்சமாக ஒன்று தெரிந்தது. பலகை. சுக்கானி நாற்காலியில் நிமிர்ந்தார். புயலில் படகை விட்டபோது நிமிர்ந்தது போல.

"இ," என்றார். மூச்சு விட்டார்.

"வ, ரு." மூச்சு.

"வி, டு, வ." மூச்சு. இருமல்.

"து, க... அது என்ன, தையா? ஆமா, தை. ப."

"ம், அப்புறம்?"

கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். கண்ணை இடுக்கினார். "ட, கு, த... ரா... தே."

அபாரமான நடிப்பு. அவருக்கே கண் கலங்கியது.

டாக்டர் அட்டையை எடுத்தாள். மற்றக் கண்ணை மூடச் சொன்னாள். அவர் இன்னொரு முறை அரங்கேற்றினார். இந்த முறை இருமலை நான்காவது வரிக்கு மாற்றினார். வெளியே பெஞ்சில் தச்சருடைய செருமல் ஒன்று கேட்டு, பாதியில் நின்றது.

"மாமா," என்றாள் டாக்டர். குரலில் ஏதோ நடுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. "இப்ப நடுவுல மூச்சு விடாம, எல்லா வரியையும் சேத்துப் படிங்க."

"எதுக்கும்மா? சரியாத்தானே படிச்சேன்?"

"ரொம்பச் சரியாப் படிச்சீங்க. அதான் கேக்கறேன்."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "இவருவிடுவதுகதைபடகுதராதே."

"இன்னொரு தடவை. மெதுவா. நீங்களும் கேட்டுக்கிட்டே."

"இவரு," என்றார் சுக்கானி. "விடுவது." நின்றார். "கதை."

நீட்டியிருந்த கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"படகு," என்றார் மிகவும் தாழ்ந்த குரலில். "தராதே."

பிறகு கேட்டார். "பலகையில அப்படியா எழுதியிருக்கு?"

"பலகை உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு மாமா. நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டேன். நீங்க பாத்துக்கிட்டிருக்கறது சன்னல்."

"சன்னலா?"

"அத்தை வந்து, ஒரு சேதி அனுப்பறேன்னு சொன்னாங்க. யார்கிட்டன்னு கேட்டேன். 'உன் மாமாகிட்டத்தான். ஆனா எடுத்துட்டு வர்ற வரைக்கும் அவருக்குத் தெரியாது'ன்னாங்க." டாக்டர் குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தாள். "மாமா, சன்னலுக்கு வெளியே என்ன தெரியுது?"

அவர் பார்த்தார். பொய் சொல்வதற்கு எழுத்து எதுவும் மிச்சம் இல்லை.

"வெளிச்சம்," என்றார்.

"ஆறு மாமா. கரையில உங்க படகு ஊறிக்கிட்டிருக்கு. இங்கிருந்து நல்லாத் தெரியுது."

வெளியே வந்தபோது தச்சர் விட்டத்தை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் கறையான் இருக்கிறதா என்று ஆராய்கிறவர் மாதிரி.  வழியில் ஓர் இடத்தில் தச்சர் அவர் முழங்கையைத் தொட்டு, "படி இருக்கு அண்ணே," என்றார். அவர் காலைத் தூக்கி வைத்தார்.

வீட்டில் மனைவி அதே இடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். சுக்கானி வாசலிலேயே நின்றார்.

"என்னை ஏமாத்திட்டே."

"நான் எழுத்து சொன்னேன். நீங்க படிச்சீங்க."

"ஊரெல்லாம் சிரிக்கப் போகுது. தச்சன் வெளியிலதான் உக்காந்திருந்தான்."

"அவரு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. சொன்னா அவரு வேலையும்தான் போகும்."

"நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "சொன்னேங்க. கோழிக்கூண்டுல காலை இடிச்சுக்கிட்டப்ப சொன்னேன். மருந்துன்னு நினைச்சுச் சோப்புத்தண்ணியைக் குடிக்கப் போனீங்களே, அப்ப சொன்னேன். நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களே, அன்னிக்கும் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்னீங்க."

சுக்கானி யோசித்தார். "ம்," என்றார்.

"பாத்தீங்களா? முழுசா சொன்னா உங்க காதுல ஏறுறதில்லை. அதான் எழுத்தெழுத்தா ஏத்தினேன்."

அவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். கை தானாகவே அலமாரிக் கைப்பிடியைத் தேடியது. கிடைக்கவில்லை. அவள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தாள்.

"இந்த ஆத்துல நீங்க கரை சேக்காத ஆளு இந்த ஊருல உண்டா?" என்றாள். குரலில் கேலி இல்லை. "பிரசவ வலியோட ஏறினவங்களைச் சேத்தீங்க. பிணத்தையும் சேத்தீங்க, அழற சனத்தோட. ஒருத்தர் காலும் நனையலை. இப்ப கடைசியா, ஆத்தைப் பாக்கணும்னு ஆசையா வந்தவங்களைத் தூண்ல கொண்டுபோய் மோதிட்டீங்கன்னா, அது மட்டும்தாங்க மிஞ்சும். அதை நான் எந்தக் காதால கேக்கறது?"

 இந்த முறை அவர் "ம்" என்று சொல்லவில்லை. அவள் சொன்னது முழுவதும் உள்ளே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, காய்ந்த பலகைக்குள் தண்ணீர் இறங்குவது போல.

கைப்பிடியைப் பிடித்தபடியே, "கத்தி," என்றார். அந்த ஒரு சொல்தான் வந்தது.

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"காய் நறுக்கறப்போ நீங்க எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடுவீங்களே. இத்தனை வருஷமாத் தோட்டத்துல என்ன வேலை உங்களுக்கு?"

படகு ஆற்றில் ஊறியது. சுக்கானி ஆஸ்பத்திரியில் படுத்தார். முதல் கண்ணுக்குப் படுத்தபோது, "கத்தி எங்கேம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "முடிஞ்சுடுச்சு மாமா, எந்திரிங்க," என்றாள் டாக்டர். ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு. இரண்டாவது கண்ணுக்கு அவரே போய்ப் படுத்துக்கொண்டார்.

முதல் கண்ணின் கட்டை அவிழ்த்த அன்று எதிரே தெரிந்தது மனைவி. சன்னல் பக்கம் நின்றிருந்தாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஞாபகத்தில் வைத்திருந்த முகம் இல்லை அது. கண்ணோரம் அத்தனை கோடுகள். எப்போது விழுந்தன? ஒவ்வொன்றும் விழுந்த நாளில் அவரும் அதே வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

"என்ன அப்படிப் பாக்கறீங்க?"

"பனி விலகிடுச்சு," என்றார் தடுமாறி.

"எங்கே விலகுச்சு?" அவள் தலையைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வந்து தங்கிடுச்சு, பாருங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. புதுக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் அதட்டினாள்.

பிறகு எழுத்துப் பலகை. உண்மையான பலகை, உண்மையான சுவரில். கடைசி வரி வரை படித்தார். அது பொருள் இல்லாத வெறும் எழுத்துக்கூட்டம். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முறை சேர்த்துப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

முதல் பயணத்தன்று துறையில் கூட்டம். நன்றாக ஊறிப் புடைத்த படகு ஒரு சொட்டு உள்ளே விடாமல் மிதந்தது. சுக்கானியும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் பைகளைக் கரையில் விட்டுவிட்டு ஏறினார்கள். கயிறு பார்க்கத் தச்சர் ஏறினார். பாய் முதல் முறை எப்படி விரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். மனைவியும் ஏறி முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சுக்கானி பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தார். அலமாரிக் கைப்பிடி போல் இல்லாமல் அது உயிரோடு இருந்தது. அடியில் ஆறு அதைத் தள்ளிப் பார்த்தது; அவர் ஆற்றைத் தள்ளிப் பார்த்தார். இருவருக்கும் அடையாளம் தெரிந்தது.

தூண்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவற்றின் மேல் பாசி பிடித்திருப்பதுகூடத் தெரிந்தது. முதல் தூணைத் தாண்டினார். நடுத்தூணை, கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில், வழுக்கிக்கொண்டு தாண்டினார். தச்சர் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"பாயை ஏத்து!"

முக்கோணப் பாய் மரத்தில் ஏறியது. மடிப்பு மடிப்பாகப் பிரிந்தது. உச்சியில், சிவப்புத் துணியில் வெட்டித் தைத்து, ஆள் உயரத்துக்கு ஓர் எழுத்து.

இ.

சுக்கானி சுக்கானை இறுக்கிப் பிடித்தார். அடுத்த மடிப்பு விரிந்தது. வ, ரு. அதற்கும் கீழே, இன்னும் சிறிதாக, வி, டு, வ. இறங்க இறங்க எழுத்து சிறுத்தது, டாக்டர் அறைப் பலகை போலவே. ஓடிப்போவதற்கு இடம் இல்லை. நான்கு பக்கமும் தண்ணீர். அத்தனை பேர் முன்னாலா, அத்தனை பெரிய எழுத்திலா? நான்காவது மடிப்பு விரிந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தார். சுக்கான் கையில் இருந்தது. பார்த்தார்.

து, ப, ட, கு.

மூச்சு விடாமல் சேர்த்துப் படித்தார். இவரு விடுவது படகு.

இன்னொரு முறை படித்தார். கதை இல்லை. படகு. முன்பக்கத்தில் மனைவியின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பவில்லை; நாணல் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அவள் தலைமுடி, பனி பனியாக, அசைந்தது. கதை விடுகிறவன் என்று அந்தரங்கமாகச் சொன்னவள், படகு விடுகிறவர் என்று ஆற்றுக்கும் ஊருக்கும் தெரியத் தைத்திருக்கிறாள்.  அவருக்கு நெஞ்சு விரிந்தது. பாயும் விரிந்தது.

முழுதாக விரிந்தது. காற்று வந்து அடியில் நிரம்பியதும், அதுவரை சுருண்டு கிடந்த கடைசி மடிப்பு படீரென்று திறந்துகொண்டது. அதிலும் ஒரு வரி இருந்தது. எல்லாவற்றிலும் சிறிய எழுத்து.

நா, ன், சொ, ன், னா.

படகில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"அண்ணே," என்றார் தச்சர், முகத்தை மிகவும் கவலையாக வைத்துக்கொண்டு. "கடைசி வரி தெரியுதா?"

சுக்கானி தூரத்தைப் பார்த்தார். "எழுத்து இருக்கற மாதிரிதான் இருக்கு. ஆத்து மேல கொஞ்சம் பனி."

மனைவி இப்போது திரும்பினாள்.

"பனியா? அப்ப படகைத் திருப்புங்க. ஆஸ்பத்திரிப் பக்கம் விடுங்க."

சுக்கானி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், எல்லோருக்கும் கேட்கும்படி, மூச்சு விடாமல் படித்தார்.